ஆல்பம் போடக் கிளம்பும் அமெரிக்கானா குழு சறுக்கும் இடங்கள்

கன்ட்ரி, ஃபோக், ப்ளூஸ், ராக் எல்லாம் ஒரே சட்டியில் கொதித்து இறங்கியதுதான் அமெரிக்கானா. நாஷ்வில்லில் இதற்கென்று ஒரு சங்கம் 1999இல் உருவானது. கிராமியில் சிறந்த அமெரிக்கானா ஆல்பத்துக்குத் தனி விருது 2010இல்தான் வந்தது. இந்த இசையை வாசிக்கிற பலர் எந்தப் பெரிய கம்பெனியையும் சாராதவர்கள். வார நாளில் வேறு வேலை, சனி ஞாயிறில் பழைய வேனும் பார் மேடையும். அப்படிச் சேர்த்த காசில் ஆல்பம் போடும்போது தப்பு நடந்தால், தாங்கிக்கொள்ள பின்னால் ஆள் கிடையாது.

முதல் சறுக்கல் ஸ்டூடியோவுக்குள் நுழைவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. பாட்டு முக்கால்வாசிதான் முடிந்திருக்கும், "மீதியை அங்கே போய்ப் பார்த்துக்கலாம்" என்று கிளம்பிவிடுவார்கள். எந்தச் சுருதி, எவ்வளவு வேகம், பல்லவி எத்தனை தடவை என்பதையெல்லாம் வீட்டுக் கொட்டகையில் சண்டை போட்டு முடிவு செய்தால் செலவு ஒரு பைசா இல்லை. அதே சண்டையை ஸ்டூடியோவில் போட்டால் ஆட்டோ மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். புதுப் பாட்டுகளை சில மாதம் மேடையில் வாசித்துப் பார்ப்பதுதான் நல்ல வழி. எந்த இடத்தில் கூட்டம் பியர் வாங்க எழுந்து போகிறதோ, அந்த இடத்தில் பாட்டு நீளம் என்று அர்த்தம்.

அடுத்தது எனக்கு மிகவும் உறுத்துகிற தவறு. காதில் கிளிக் டிராக் (வேகம் மாறாமலிருக்க ஒலிக்கும் 'டிக் டிக்' சத்தம்) ஓட, டிரம்ஸ் ஒரு நாள், பேஸ் ஒரு நாள், குரல் இன்னொரு நாள் என்று ஆளாளுக்குத் தனியாகப் பதிவு செய்வது. பாப் இசைக்கு அது சரி. இந்த இசையின் உயிரோ, நாலைந்து பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாசிப்பதில் இருக்கிறது. கனடாவின் கவ்பாய் ஜங்கீஸ் குழு 1987 நவம்பர் 27 அன்று டொராண்டோவின் ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில், ஒரே ஒரு மைக்கைச் சுற்றி உட்கார்ந்து 'தி டிரினிட்டி செஷன்' ஆல்பத்தைப் பதிவு செய்தது. பாடகி மார்கோ டிம்மின்ஸின் குரல் ஒலிபெருக்கி வழியாக வந்து அந்த மைக்கில் சேர்ந்தது. கேட்க எளிமையாக இருக்கிறது, அல்லவா? ஆனால் யார் மைக்குக்கு எவ்வளவு தூரத்தில் உட்காருவது என்று சரிசெய்யவே அன்று பல மணி நேரம் போனது. ஒரு மைக் என்றால் பிறகு கிட்டாரை மட்டும் குறைக்கவோ, தப்பிய ஒரு சுரத்தை மட்டும் திருத்தவோ முடியாது. அந்த அளவுக்கு ஒத்திகை இல்லாதவர்கள் இதைப் பார்த்து ஆசைப்படக் கூடாது. டிரம்ஸ், பேஸ், தாளக் கிட்டார் மூன்றையும் ஒரே அறையில் சேர்ந்து பிடித்துவிட்டு, குரலையும் ஃபிடிலையும் (வயலின்) பின்னால் சேர்ப்பது நடுவழி.

அப்புறம் பெடல் ஸ்டீல். சுரத்துக்குச் சுரம் நழுவி அழுகிற அந்தக் கிட்டார் வந்தாலே 'அமெரிக்கானா வாசம்' வந்துவிடும் என்று பாட்டு முழுக்க ஓடவிடுகிறார்கள். ஊறுகாயைத் தொட்டுக்கொள்ளலாம், சோறு மாதிரி பிசைந்து சாப்பிட முடியுமா?

மாஸ்டரிங்கில், அதாவது வெளியிடும் முன் ஒலியைக் கடைசியாகச் சீராக்கும் வேலையில், சத்தத்தை உச்சத்துக்கு ஏற்றச் சொல்வதும் வீண். ஸ்பாட்டிஃபை தன் வழக்கமான அமைப்பில் எல்லாப் பாட்டையும் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குத் தெரியும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவை ஒட்டிக் கொண்டுவந்துவிடுகிறது. நசுக்கி ஏற்றிய சத்தம் அங்கே இறங்கிவிடும், நசுங்கியது மட்டும் மிஞ்சும்.

வினைல் இசைத்தட்டு விஷயத்தைப் பலர் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். எல்பி எனப்படும் 12 அங்குலத் தட்டு ஒரு பக்கத்தில் 18 முதல் 22 நிமிடம் வரை நன்றாகக் கொள்ளும். அதைத் தாண்டினால் பள்ளங்களை நெருக்கமாக வெட்ட வேண்டும், சத்தம் குறையும், தட்டின் இரைச்சல் மேலே தெரியும். 52 நிமிட ஆல்பத்தை முடித்துவிட்டு வினைல் கேட்டால் இரண்டு தட்டு போட வேண்டியதுதான், செலவும் ஏறக்குறைய இரட்டிப்பு. இன்னொன்று, முள் நடுப்பகுதியை நெருங்க நெருங்க மேல்சுரங்கள் மங்கி, குரலில் 'ஸ' ஓசை கரகரக்கும். அதனால் ஒவ்வொரு பக்கத்தின் கடைசியிலும் அடங்கிய பாட்டை வைப்பது பழைய வழக்கம். ஆர்ப்பாட்டமான பாட்டை 'கிளைமாக்ஸ்' என்று அங்கே வைத்தால், அதற்கு இருப்பதிலேயே மோசமான இடத்தைக் கொடுத்த மாதிரி.

பணத்துக்கு வருவோம். டிரைவ்-பை டிரக்கர்ஸ் குழு ரசிகர்களிடமும் நண்பர்களிடமும் பணம் திரட்டி, 2001இல் 'சதர்ன் ராக் ஓபரா' என்ற இரட்டை ஆல்பத்தைத் தானே வெளியிட்டது. மறு வருடம் லாஸ்ட் ஹைவே நிறுவனம் அதை மறுபடி வெளியிட்டது. இந்தக் கதையில் உற்சாகமடைந்து ரசிகர் நிதி திரட்டுபவர்கள் இரண்டு கணக்கை விட்டுவிடுகிறார்கள். நிதி திரட்டும் தளமான கிக்ஸ்டார்ட்டர் 5 சதவீதம் எடுக்கும், பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. எல்பி அனுப்பும் தபால் செலவு அதைவிடப் பெரிய அடி, வெளிநாடு என்றால் சொல்லவே வேண்டாம். 2019இல் அதே மாதிரியான பிளெட்ஜ்மியூசிக் தளம் மூழ்கியபோது, ரசிகர்கள் கட்டிய பணம் பல குழுக்களுக்குக் கைக்கு வரவே இல்லை. எனவே பணம் எப்போது, யார் கணக்கில் விழும் என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

இசைக்குழுவுக்குள் எழுத்துவேலை என்றாலே கூச்சம். ஒரு பாட்டை இரண்டு பேர் சேர்ந்து எழுதி, பங்கு எவ்வளவு என்று எழுதிக்கொள்ளாவிட்டால், அமெரிக்கச் சட்டம் பொதுவாகச் சரிபாதி என்றே எடுத்துக்கொள்ளும். ஒரு வரி மட்டும் சொன்னவர் கூட்டு ஆசிரியர்தானா என்ற வழக்கு வேறு வரும். பதிவான அன்று மாலையே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவது நல்லது. மாஸ்டர், அதாவது மூலப் பதிவு, யாருடையது என்பதும் அப்படித்தான். 2001இல் ரிப்ரைஸ் நிறுவனம் வில்கோ குழுவின் 'யாங்கி ஹோட்டல் ஃபாக்ஸ்ட்ராட்' ஆல்பத்தை வேண்டாம் என்றது. மாஸ்டர் குழுவின் கைக்கு வந்ததால்தான் அதை முதலில் தங்கள் இணையதளத்தில் கேட்க வைத்து, 2002 ஏப்ரலில் நன்சச் நிறுவனம் மூலம் வெளியிட முடிந்தது.

வேறொருவர் பாட்டைப் பாடினாலும் கணக்கு உண்டு. 2025இல் அமெரிக்காவில் அச்சடித்த ஒவ்வொரு பிரதிக்கும், ஐந்து நிமிடத்துக்கு மிகாத பாட்டுக்கு, அதன் உரிமைக்காரருக்கு 12.7 சென்ட் தர வேண்டியிருந்தது. ஆயிரம் எல்பி என்றால் 127 டாலர். கட்டக்கூடிய தொகைதான், முன்கூட்டியே நினைவில் இருந்தால்.

கடைசியாகத் தேதி. தட்டு தொழிற்சாலையில் இருக்கும்போதே வெளியீட்டு நாளை அறிவிப்பது, மாப்பிள்ளை பார்க்கும் முன் பத்திரிகை அடிப்பது போல. முதலில் மாதிரித் தட்டுகள் சில வரும். அவற்றை ஸ்டூடியோவின் விலையுயர்ந்த கருவியில் மட்டும் கேட்காமல், ரசிகர் வீட்டில் இருக்கிற சாதாரண பிளேயரிலும் போட்டு, முள் எங்காவது தாவுகிறதா என்று இரண்டு பக்கமும் முழுசாகக் கேட்க வேண்டும். நீங்கள் சரி என்று சொன்ன பிறகுதான் மீதி அச்சாகும். அதன் பின் பெட்டிகள் வீட்டுக்கு வந்து சேரட்டும், நாளை அப்போது அறிவிக்கலாம். ஸ்பாட்டிஃபையில் பாட்டுப் பட்டியல் தயாரிக்கும் தொகுப்பாளர்களுக்கு ஒரு பாட்டை முன்மொழியவும் வெளியீட்டுக்கு முன் குறைந்தது ஏழு நாள் வேண்டும்.