அமுக்குவான் பிடித்தால் என்ன செய்வது?

விடியப்புறம் நாலு மணி. ஃபேன் சுற்றுவது தெரிகிறது, காலி வீதியில் போகிற லொறியின் இரைச்சல் கேட்கிறது. ஆனால் கை, கால் அசையவில்லை. நெஞ்சில் யாரோ ஏறிக் குந்தியிருக்கிற மாதிரிப் பாரம். பக்கத்தில் படுத்திருப்பவரைக் கூப்பிட்டால் சத்தம் வரவில்லை. அமுக்குவான் என்று நாங்கள் சொல்வதை மருத்துவர்கள் ஸ்லீப் பராலிசிஸ், அதாவது தூக்க முடக்கம் என்பார்கள். சில விநாடிகளிலோ ஓரிரு நிமிடங்களிலோ தானாக விட்டுவிடும். அதனால் உயிருக்கு ஆபத்தில்லை.

கனவு மிகுந்து வரும் தூக்கத்துக்கு ரெம் தூக்கம் என்று பெயர். 1953இல் சிக்காகோவில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் இதை முதலில் விவரித்தார்கள். அந்த நேரத்தில் மூளைத்தண்டு உடம்பின் தசைகளைப் பூட்டி வைக்கிறது. அப்படிச் செய்யாவிட்டால் கனவில் ஓடுகிறவர் கட்டிலால் விழுந்துவிடுவார். கண்ணை அசைக்கும் தசைகளும் மூச்சை நடத்தும் உதரவிதானமும் மட்டும் பூட்டப்படுவதில்லை. பூட்டுத் திறக்க முன்னரே விழிப்பு வந்தால், அறையும் தெரியும், கனவும் ஓடும். சிலருக்குக் கதவடியில் தெரிகிற கறுப்பு உருவம் அந்தக் கனவின் மிச்சம்.

நெஞ்சுப் பாரத்துக்கும் காரணம் உண்டு. விலா எலும்புகளுக்கு இடையிலான தசைகள் தளர்ந்திருப்பதால், வேண்டுமென்று ஆழமாக மூச்சிழுக்க வராது. இழுக்க முயன்று முடியாமல் போகும்போதுதான் ‘மூச்சு நிற்கப் போகிறது’ என்ற பயம் பிடிக்கிறது. மூச்சை உதரவிதானத்திடம் விட்டுவிடுங்கள், அது வேலை செய்துகொண்டே இருக்கும்.

பிடித்திருக்கும்போது முதலில் மனசுக்குள் பெயரைச் சொல்லுங்கள்: “இது அமுக்குவான், இப்ப விட்டுடும்.” பகலிலேயே இதைப் பத்துத் தரம் சொல்லிப் பழகினால்தான் இரவில் நினைவுக்கு வரும். அடுத்து, உருவத்தைப் பார்க்காதீர்கள். கண்ணை மூடி, மனசுக்குப் பிடித்த ஒன்றில் கவனத்தை ஊன்றுங்கள்: பிள்ளையின் முகம், ஒரு தேவாரம், ஒரு ஜெபம். மூன்றாவது, திமிறாதீர்கள். திமிறுகிற அளவுக்குப் பாரமும் பயமும் கூடும். இந்த ஒழுங்கு பலந்த் ஜலால் என்ற ஆய்வாளர் 2016இல் முன்வைத்த முறையை ஒட்டியது. கால் பெருவிரலை மெல்ல அசைத்தால் விட்டுவிடுகிறது என்று பலர் சொல்கிறார்கள். பயம் அடங்கிய பிறகு ஒருமுறை முயலலாம். அசையாவிட்டால் விட்டுவிடுங்கள், விரலோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

விட்டவுடன் அப்படியே திரும்பிப் படுப்பதுதான் பலர் விடுகிற பிழை. அரைத்தூக்கத்தில் மூளை நேரே ரெம்முக்குள் போய், இரண்டாம் தரமும் பிடிக்கலாம். எழும்பி இருங்கள், லைட்டைப் போடுங்கள், முகம் கழுவிவிட்டு ஐந்து நிமிடமாவது நடந்த பிறகு ஒருக்களித்துப் படுங்கள்.

மல்லாந்து படுக்கிறவர்களுக்கே இது அதிகம் வருகிறது. படுக்கும்போது ஒருக்களித்தாலும் தூக்கத்தில் புரண்டுவிடுவோம். ஆகவே பழைய பெனியனின் முதுகுப் பக்கம் சிறு பை தைத்து, ஒரு டெனிஸ் பந்தைப் போட்டு அணியுங்கள். நாளடைவில் உடம்பு பழகக்கூடும்.

அதைவிட முக்கியம் தூக்கக் கடன், அதாவது நாளுக்கு நாள் சேர்கிற தூக்கக் குறை. 2011இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்றில், வாழ்நாளில் ஒருமுறையாவது இதை அனுபவித்தவர்கள் பொதுமக்களில் 100க்கு 8 பேர் அளவில் இருந்தார்கள், மாணவர்களில் 28 பேர் அளவில். இரவிரவாக முழித்துப் படிக்கிற உயர்தரப் பிள்ளைகளும், கோல் சென்டரில் இரவு வேலை செய்கிறவர்களும் கவனிக்க வேண்டிய இடம் இது. தூக்கம் குறைந்தால், அடுத்த தூக்கத்தில் ரெம் முந்திக்கொண்டு வரும். படுக்கும் நேரத்தைவிட எழும்பும் நேரத்தை நிலையாக வையுங்கள், ஞாயிற்றுக்கிழமையிலும் அதே நேரம். கொழும்பில் வருடம் முழுக்க ஆறு மணியை ஒட்டியே சூரியன் உதிப்பதால் இது சுலபம்: எழும்பியதும் பால்கனியிலோ கடற்கரையிலோ கால் மணித்தியாலம் வெளிச்சத்தில் நில்லுங்கள். இரவு வேலை முடிந்து வருகிறவர்கள் இதற்கு எதிர்மாறாக, கறுப்புக் கண்ணாடி போட்டு வந்து, அறையை இருட்டாக்கிவிட்டுப் படுக்க வேண்டும். பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு தேத்தண்ணியும் கோப்பியும் வேண்டாம். கஃபீனில் பாதி உடம்பைவிட்டுப் போகவே ஐந்து மணித்தியாலம் அளவில் எடுக்கும்.

தலையணைக்குக் கீழே இரும்பு வைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. திருநீறும் தேசிக்காயும் மன ஆறுதல் தந்தால் இருக்கட்டும். கத்தியை மட்டும் எடுத்துவிடுங்கள், பதறி எழும்புகிற கை முதலில் அதில்தான் படும்.

ஒரு கொப்பியில் இரண்டு கிழமைக்கு எழுதுங்கள்: படுத்த நேரம், எழும்பிய நேரம், படுத்த விதம், கடைசித் தேத்தண்ணி, அமுக்கியதா இல்லையா. பகலில் அடக்க முடியாமல் தூக்கம் வருவதோடு, சிரிக்கும்போது முழங்கால் தளர்ந்து மடிந்தால் நார்கொலெப்சி என்ற தூக்க நோயாக இருக்கலாம். குறட்டையோடு இடையில் மூச்சு நிற்பதை வீட்டார் கண்டாலும், கிழமைக்குப் பல தரம் அமுக்கினாலும் அந்தக் கொப்பியோடு மருத்துவரிடம் போங்கள். படுக்கவே பயந்து முழித்திருக்கும் நிலை வந்தால், இலங்கையின் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழைத்துப் பேசலாம்.