நீலச் சாயத்தைப் பிடித்துக்கொண்டு நூலகத்துக்குள் நுழைவது எப்படி

நான் தையல்காரி. பிளவுஸ், சுடிதார், பள்ளிச் சீருடை தைக்கிறேன். மெஷினுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு நூலகப் புத்தகம் கிடக்கும். அளவு கொடுக்க வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "அக்கா, நானும் கதை இல்லாத புத்தகமா ஏதாவது படிக்கணும், எதுல ஆரம்பிக்கிறது?" என்று கேட்பார்கள். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொல்லி முடிக்கிற பதில் இல்லை என்பதால் எழுதிவிட்டேன்.

'கட்டாயம் படிக்க வேண்டிய நூறு' மாதிரிப் பட்டியல்களை முதலில் ஓரம் வையுங்கள். நானும் ஒரு பட்டியலை வைத்துத்தான் ஆரம்பித்தேன். மூன்றாவது புத்தகம் மூளையைப் பற்றியது. பதினைந்தாம் பக்கத்தில் தூங்கிவிட்டேன். புத்தகத்தில் குறை இல்லை. அதனிடம் கேட்க என்னிடம் ஒரு கேள்வியும் இல்லை, அவ்வளவுதான்.

கேள்வி வந்தது ஒரு தப்பிலிருந்து. சந்தன நிற பிளவுஸ் ஒன்றுக்குக் கருநீலத்தில் பைப்பிங் வைத்தேன். துணியை நனைத்துப் பார்க்கச் சோம்பல். கல்யாண மண்டபத்தில் வியர்த்து, அந்த அம்மாவுக்குக் கழுத்தைச் சுற்றி நீலமாக இறங்கிவிட்டது. துணிக்காசைக் கொடுத்துச் சமாதானப்படுத்தினேன். ஆனால், சாயம் ஏன் சில துணியில் போகிறது, சிலதில் போவதில்லை என்பது மண்டையில் உட்கார்ந்துகொண்டது.

அதனால் என் முதல் யோசனை: 'அறிவியல் படிக்கப் போகிறேன்' என்று போகாதீர்கள். உங்கள் கையில் புழங்குகிற ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு போங்கள். தேங்காய், உப்பு, தவில், பல்லி, எதுவானாலும் சரி.

அடுத்து, தடிமனான புத்தகத்தைத் தொடும் முன் பள்ளிப் பாடநூலைப் பாருங்கள். இதில் வெட்கமே வேண்டாம். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. வேதியியலில் எனக்கு அடித்தளம் போட்டது பக்கத்து வீட்டுப் பையனின் பழைய புத்தகம்தான். பெரியசாமித் தூரன் பொறுப்பில் வந்த கலைக்களஞ்சியத்தையும் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தையும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் படிக்கலாம். செய்திகள் பழையவை, ஆனால் விளக்குகிற தமிழ் தெளிவானது. தூரன் கர்நாடக இசைக் கீர்த்தனைகளும் எழுதியவர். கலையும் அறிவியலும் ஒரே ஆளிடம் சண்டையில்லாமல் இருந்திருக்கின்றன.

அப்புறம் நூலகம். பெரிய நூலகங்களில் டியூவி எண் முறையில், அதாவது ஒவ்வொரு துறைக்கும் ஓர் எண் கொடுத்து, அடுக்கியிருப்பார்கள். என் நீலம் ஒரே அலமாரியில் இருக்கவில்லை. சாயத் தொழில் 667இல், வேதியியல் 540இல், செடிகள் 580இல், துணிக்கலை 746இல், இந்திய வரலாறு 954இல். ஒரு பொருளை வைத்துக்கொண்டு ஐந்து அலமாரிக்கு நடங்கள். இந்த நடைதான் முக்கியம் என்பேன். தேடுபொறியில் நாம் கேட்டது வரும். அலமாரியில் கேட்காத பக்கத்துப் புத்தகமும் கண்ணில் படும். நூலகரிடமும் கூச்சப்படாமல் கேளுங்கள். நம் சீர்காழிக்காரர், நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் ஒன்று, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் உண்டு என்பது.

என் நீலம் என்னை எங்கெல்லாம் கூட்டிப்போனது என்று சொன்னால்தான் விளங்கும். அவுரிச் செடியிலிருந்து எடுக்கிற நீலச் சாயம் (இண்டிகோ) தண்ணீரில் கரையாது. தொட்டியில் வேறு பொருள் சேர்த்து அதைக் கரைய வைக்கிறார்கள். அப்போது அது நீலமாகவே இருக்காது, மஞ்சள் கலந்த பச்சை. துணியை முக்கி வெளியே எடுத்தால், காற்று பட்டுக் கண்ணெதிரே நீலமாகும். நிறம் நூலுக்குள் சிக்கி நிற்கிறதே ஒழிய, இறுக ஒட்டுவதில்லை. ஜீன்ஸ் முட்டியில் வெளுப்பது இதனால்தான். (என் பைப்பிங்கில் இருந்தது அவுரியே இல்லை, மலிவான வேறு ஏதோ சாயம். அதற்குள் நான் வெகுதூரம் போய்விட்டேன்.)

வேதியியல் புத்தகத்தில் ஓரமாக ஒரு வரி: 1897இல் ஒரு ஜெர்மன் நிறுவனம் செயற்கை அவுரி நீலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதோடு விட்டுவிட்டார்கள். சில மாதம் கழித்து வரலாற்று அலமாரியில் பீகாரின் சம்பாரண் பகுதியைப் பற்றிப் படிக்கக் கிடைத்தது. அங்கே விவசாயிகள் இருபது பங்கு நிலத்தில் மூன்று பங்கில் முதலாளிக்காக அவுரி போட்டாக வேண்டும். செயற்கைச் சாயத்தால் விலை விழுந்ததும், தோட்ட முதலாளிகள் நட்டத்தைக் குத்தகை உயர்வாக அவர்கள் தலையில் கட்டினார்கள். காந்தி 1917இல் அங்கே போனார். அதற்கு முன் அவுரிப் பொட்டலங்களைப் பார்த்திருந்தாலும், அது சம்பாரணில் இவ்வளவு கஷ்டத்தில் விளைவது தெரியாது என்று தன் சுயசரிதையில் எழுதுகிறார். எனக்கு மெஷின் நின்றுவிட்டது. ஒரு புத்தகத்தில் பாதியும் இன்னொன்றில் மீதியும் இருந்திருக்கின்றன.

புத்தகத்தை எடுப்பதா வைப்பதா என்று நின்றபடியே பார்க்க என் வழக்கம் இது. கடைசிப் பக்கங்களில் சொல்லடைவு (எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்ற பட்டியல்) இருக்கிறதா, அதில் என் பொருள் எத்தனை இடத்தில் வருகிறது என்று பார்ப்பேன். முதல் பதிப்பு எந்த ஆண்டு என்று பார்ப்பேன். மருத்துவம், அறிவியலுக்கு இது அவசியம், பயணக் கட்டுரைக்குப் பழசுதான் ருசி. நடுவில் இரண்டு பக்கம் வாசிப்பேன். மொழிபெயர்ப்பு என்றால் ஒரு பத்தியை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன். மூன்று தடவை படித்தும் எழுவாய் எங்கே என்று தெரியாவிட்டால் குற்றம் நம்முடையது அல்ல, வைத்துவிடலாம்.

ஐம்பது பக்கத்தில் பிடிக்காவிட்டாலும் நிறுத்திவிடுங்கள். பிடிக்காத துணியைப் போட்டுக்கொண்டு யாரும் ஊர் சுற்றுவதில்லையே.

குறிப்பு எழுத அளவு நோட்டின் பின்பக்கமே போதும். நான் எழுதுவது இரண்டுதான்: படித்ததில் வந்த புதுக் கேள்வி, அதில் பேர் வந்த வேறொரு புத்தகம். முன்பக்கம் மார்பளவு, கை நீளம். பின்பக்கம் சம்பாரண், ஜெர்மனி. ஒரு தடவை அவசரத்தில் மாற்றிப் புரட்டி, ஒரு வாடிக்கையாளரின் கை நீளத்தை 1897 என்று வாசித்துவிட்டேன்.

இப்போது பிடித்திருப்பது பொத்தான். சிப்பிப் பொத்தான் ஒன்று பழைய டப்பாவில் கிடைத்தது. நாளை வெள்ளிக்கிழமை, எங்கள் கிளை நூலகம் விடுமுறை. சனிக்கிழமை கடல் உயிரினங்கள் அலமாரியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.