வேரழுகலைத் தாங்கும் சவுக்கைத் தேர்ந்தெடுப்பது: மீஞ்சூர், பழவேற்காடு மணலுக்கு

பட்டுப்போன சவுக்குகளுக்கு நடுவே ஒரு மரம் பச்சையாக நின்றால், அது நோயைத் தாங்கிய மரம் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். வேரை அழுகவைக்கும் கேனோடெர்மா பூஞ்சை பெரும்பாலும் பழைய வேர்க்கட்டையிலிருந்து வேரோடு வேர் உரசித்தான் பரவும். கட்டை இல்லாத இடத்தில் நின்ற மரம் தப்பித்திருக்கும். தப்பியது வேறு, தாங்கியது வேறு.

முதலில் சாவுக்குக் காரணம் எது என்று பாருங்கள். கேனோடெர்மா என்றால் மழைக்காலத்தில் மரத்தடியில் மேலே செம்பழுப்பாகப் பளபளக்கும், அடியில் வெளுத்த தட்டுக் காளான் வரும். பட்டை கொப்புளித்து வெடித்துக் கரும்பொடி கொட்டினால் அது வேறு பூஞ்சை. வெட்டிய தண்டைத் தண்ணீரில் நிறுத்தும்போது பால்போல் கசிந்தால் பாக்டீரியா வாடல். மீஞ்சூர் பக்கம் கடல்நீர் நிலத்தடியில் ஏறியிருப்பதால், உப்பால் வாடிய மரமும் கணக்கில் கலந்துவிடும்.

நான்கு பக்கமும் செத்த மரங்கள் சூழ நிற்கும், 3 வயது தாண்டிய மரங்களாக 18 குறியுங்கள். வெட்டிச் சாய்க்காதீர்கள், நாட்டுச் சவுக்கு அடிக்கட்டையிலிருந்து ஒழுங்காகத் தழைக்காது. கீழ்க்கிளையைக் கவாத்து செய்தால் இளந்தளிர் வரும். காலை 8 மணிக்குள் 8–10 செ.மீ. நுனிகளை வெட்டி ஈரச்சாக்கில் சுற்றுங்கள். ஒரு கிலோ டால்க் பொடிக்கு 2 கிராம் ஐ.பி.ஏ. (வேர்விடத் தூண்டும் ஹார்மோன்) கலந்து, அடி நுனியைத் தொட்டு, வெர்மிகுலைட் (ஈரம் பிடிக்கும் லேசான கனிமத் துகள்) நிரப்பிய ரூட் டிரெய்னரில் (கன்று வளர்க்கும் குழல் தட்டு) நட்டு பாலித்தீன் கூடாரத்துக்குள் வையுங்கள். மேலே நிழல்வலை கட்டாயம். சித்திரை வெயிலில் வலை இல்லாத கூடாரம் நுனிகளை வேகவைத்துவிடும். மூன்று, நான்கு வாரத்தில் வேர் வரும்.

அடுத்தது சோதனைப் பாத்தி. அவசரப்பட்டால் எல்லாம் வீணாவது இங்கேதான். நோய் கண்ட நிலத்தையே எடுங்கள். குறித்த 18 மரங்களின் குளோன்களோடு (ஒரே மரத்தின் நுனிகளிலிருந்து வளர்த்த கன்றுகள் ஒரு குளோன்), நோய்க்கு எளிதில் சாகும் குளோன் ஒன்று, சந்தையில் ஓடும் குளோன் ஒன்று, ஆக 20. நான்கு பகுதிகள், ஒவ்வொன்றிலும் குளோனுக்கு 5 கன்றுகள், வரிசையைக் குலுக்கிப் போடுங்கள். ஒரு மீட்டர் இடைவெளியில் 400 கன்றுகள். சுற்றிலும் ஒரு ஓர வரிசை சேர்த்தால் 12 சென்ட் போதும். மூன்றாம் மாதம் ஒவ்வொரு கன்றின் வேரையும் தொடும்படி, பூஞ்சை பிடித்த விரல் கனக் கட்டைத்துண்டு 15 செ.மீ. ஆழத்தில் புதையுங்கள். இந்தப் பாத்தியில் கார்பன்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லியோ, டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையோ வேண்டாம். பலவீனமான குளோனையும் அது காப்பாற்றிவிடும். சவுக்கு வேரில் தழைச்சத்தை நிலைநிறுத்தும் பிராங்கியா நுண்ணுயிரைக் கொடுத்தால் எல்லாக் கன்றுக்கும் ஒரே அளவு.

அதே 20 குளோன்களை நோயில்லாத நிலத்திலும் அதே கிணற்றுத் தண்ணீரில் வளருங்கள். அங்கேயும் செத்தால் குற்றவாளி உப்பு.

இரண்டு வருடம் மாதாமாதம் எண்ணுங்கள். செத்ததைத் தோண்டி வேரில் வெள்ளை அழுகல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே குறியுங்கள். எளிதில் சாகும் குளோனில் பாதிக்குமேல் சாகவில்லை என்றால் நோய் சரியாக ஏறவில்லை. அந்தச் சோதனையைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஏறியிருந்தால், 20 கன்றில் 2-க்குமேல் இழக்காத குளோன்களை இன்னொரு நோய் நிலத்தில் மறுபடி நடுங்கள்.

அதிலும் நின்றவற்றை விரிவாக நடும்போது ஒன்றை மட்டும் நடாமல் எட்டுப் பத்தைக் கலந்து நடுங்கள். அத்தனை தேறாவிட்டால், தேறியவற்றில் ஆண், பெண் பார்த்து, மற்ற சவுக்குத் தோப்புகளிலிருந்து விலகிய இடத்தில் அருகருகே வளர்த்து, காற்றில் மகரந்தம் சேர்ந்த விதையை எடுத்து, அந்த நாற்றுகளை மறுபடி நோய்ப் பாத்திக்குக் கொண்டுபோங்கள்.