ப்ரீ-ஆர்டர்: ரீஃபண்டைக் கைவிடாதீர்கள்

சைபர்பங்க் 2077 என்ற வீடியோ கேம் வெளியானது 2020 டிசம்பர் 10 அன்று. அதற்குள் ப்ரீ-ஆர்டர், அதாவது வெளியாகும் முன்பே வாங்கி வைத்தது மட்டும் 80 லட்சம். முன்கூட்டியே விமர்சகர்கள் கைக்குப் போனது பிசி பதிப்புதான். சோனியின் பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4) மெஷினில் எப்படி ஓடும் என்று சொல்ல யாரும் இல்லை. அங்கே அது பிழைகளோடு திணறியதால், ஒரே வாரத்தில் சோனி அதைத் தன் ஸ்டோரிலிருந்து எடுத்துவிட்டு, கேட்டவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தந்தது. அடுத்த ஜூனில்தான் கேம் ஸ்டோருக்குத் திரும்பியது.

ரிவ்யூ நன்றாக இருக்கிறது என்பது மட்டும் போதாது. உங்கள் வீட்டில் இருக்கும் அதே மெஷினில் ஆடிப் பார்த்து எழுதியதா என்று பாருங்கள். அது வரும்வரை ஆர்டரை ரத்து செய்யும் வழி திறந்தே இருக்கட்டும். பலரும் பணத்தை விடுவது இங்கேதான்.

பிசி கேம்கள் விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமில் ரிலீஸ் நாள் வரை எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். அதன்பின் 14 நாள் அவகாசம், ஆனால் ஆடிய நேரம் 2 மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். என் தம்பி ஒரு கேமைத் தொடங்கினான். ஷேடர் கம்பைல் ஆக (கிராஃபிக்ஸைக் கம்ப்யூட்டர் முன்கூட்டியே தயார் செய்துகொள்ள) இருபது நிமிடம், கதாநாயகனின் மூக்கையும் முடியையும் மாற்றிப் பார்க்க முக்கால் மணி நேரம், அப்புறம் நீளமான கதைக் காட்சிகள். முதல் சண்டை வந்தபோதுதான் கேம் திக்கித் திக்கி ஓடுவது தெரிந்தது. அதற்குள் 2 மணி நேரம் தாண்டிவிட்டது. மூக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் கூட்டமும் வெடியும் உள்ள இடம் வரை ஓடிப் போய்ச் சோதித்துவிடுங்கள்.

பிளேஸ்டேஷனில் கணக்கு வேறு. ரிலீஸுக்குப் பிறகு, டவுன்லோடு தொடங்கிவிட்டாலே ரீஃபண்ட் கிடைப்பது கஷ்டம். ப்ரீ-ஆர்டர் செய்த கேம் தானாகவே இறங்கும் என்பதால், ஆர்டர் செய்த அன்றே ஆட்டோ-டவுன்லோடை அணைத்து வையுங்கள்.

டீலக்ஸ் எடிஷனில் 'மூன்று நாள் முன்னதாக ஆடலாம்' என்பார்கள். அந்த மூன்று நாளுக்காகக் கூடுதல் பணம் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பிழைகளைத் திருத்தும் முதல் பேட்ச் வருவதற்கு முன் இருக்கும் பிழைகளைக் காசு கொடுத்துப் பார்ப்பதாகவே அது பெரும்பாலும் முடிகிறது. ஸ்டீமில் அந்த நாட்களில் ஆடும் நேரமும் 2024 ஏப்ரலிலிருந்து அந்த 2 மணி நேரக் கணக்கில் சேர்கிறது.

மாதக் கட்டணத்தில் பல கேம்களை ஆடவிடும் மைக்ரோசாஃப்டின் கேம் பாஸ் சந்தா இருந்தால் அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 2023-இல் ஸ்டார்ஃபீல்ட் என்ற கேம் வெளியான அன்றே அதில் கிடைத்தது.

சரி, ஸ்டாக் தீர்ந்துவிடுமோ என்ற பயம்? டிஜிட்டல் பிரதிக்கு ஸ்டாக் என்பதே கிடையாது. அந்த அவசரம் டிஸ்குக்கு மட்டும்தான் பொருந்தும். டிஸ்க் டிரைவ் உள்ள மெஷின் வைத்திருந்தால், எனக்கு டிஸ்க்தான் பிடிக்கும். கதையை முடித்த கையோடு, விலை இறங்குவதற்குள் அதை விற்றுவிடலாம்.