நாய், பூனைக்கு வாங்கிய மருந்தைக் கோழிக்குக் கொடுக்கும் முன்

நாய்க்கோ பூனைக்கோ வாங்கி மீதமிருக்கும் மருந்தைக் கோழிக்குக் கொடுக்கலாமா என்று பார்க்கும்போது, அது கோழியின் உடலுக்கு ஒத்துக்கொள்ளுமா என்பதோடு, அந்தக் கோழியின் முட்டையை உண்பவருக்கு ஒத்துக்கொள்ளுமா என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பலர் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். செல்லப்பிராணி மருந்தின் உறையில் இரண்டாம் கேள்விக்கு விடை இருக்காது.

முதலில் உறையின் முன்பக்கத்திலுள்ள வணிகப் பெயரை விட்டுவிட்டு, சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் மூலப்பொருளின் பெயரையும் அதன் செறிவையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே வணிகப் பெயரில் வெவ்வேறு மூலப்பொருள்கள் கொண்ட மருந்துகள் விற்கப்படுவது உண்டு. நாய்களுக்கான குடற்புழு மாத்திரை ஒன்றிலேயே பிராசிகுவான்டெல், பைரன்டெல், ஃபெபன்டெல் என மூன்று மருந்துகள் சேர்ந்திருக்கலாம். ஒவ்வொன்றையும் தனித்தனியே சரிபார்க்க வேண்டும். காதுச் சொட்டு மருந்துகளிலும் கண் களிம்புகளிலும் நுண்ணுயிர்க்கொல்லியோடு ஸ்டீராய்டும் கலந்திருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டீராய்டு பறவைகளின் நோய் எதிர்ப்பாற்றலை எளிதில் குறைத்துவிடும் என்பதால், கண்ணுக்கு இடும் சில சொட்டுகளைக்கூட அற்பமாகக் கருத முடியாது. புண்ணுக்குத் தடவும் களிம்பில் பென்சோகெய்ன், லிடோகெய்ன் போன்ற மரத்துப்போகச் செய்யும் மருந்துகள் இருந்தால், அதையும் கால்நடை மருத்துவரைக் கேட்காமல் தடவக் கூடாது.

ஒரு விலங்குக்குப் பாதுகாப்பானது என்பது மற்றொன்றுக்குச் சான்றாகாது. கோழிகளின் பேனையும் செள்ளையும் ஒழிக்கப் பயன்படும் பெர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு. இரத்தக்கழிச்சலைத் தடுக்கக் கோழித் தீவனத்தில் சேர்க்கும் மோனென்சின் குதிரையைக் கொன்றுவிடும். அதே மோனென்சினை உண்ணும் கோழிக்குத் தியாமுலின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைக் கொடுத்தால் கோழியும் சாகக்கூடும். ஆகவே புதிய மருந்தை மட்டும் ஆராய்ந்தால் போதாது. இப்போது போடும் தீவனப் பையின் லேபிளையும் உடன் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும்.

அடுத்ததாக, உங்கள் நாட்டின் கால்நடை மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு வெளியிடும் பட்டியலில் அந்த மூலப்பொருள் கோழிக்கு, குறிப்பாக முட்டையிடும் கோழிக்கு, அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள். இறைச்சிக்கோழிக்கு அனுமதி இருந்தும் முட்டைக்கோழிக்கு இல்லாத மருந்துகள் உண்டு. குளோராம்ஃபெனிகால், நைட்ரோஃபியூரான்கள், மெட்ரோனிடசோல் ஆகியவை உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குப் பல நாடுகளில் தடைசெய்யப்பட்டவை; ஆனால் செல்லப்பிராணிகளின் கண் களிம்பிலும் வயிற்றுப்போக்கு மாத்திரையிலும் இவை சாதாரணமாகத் தென்படும். நாய்களின் உண்ணிக்குக் கழுத்தில் விடும் ஃபிப்ரோனில் கோழிப்பண்ணைகளில் பயன்படுத்தப்பட்டது தெரியவந்ததால்தான், 2017இல் நெதர்லாந்து, பெல்ஜியம் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளில் லட்சக்கணக்கான முட்டைகள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. வீட்டில் பெயர் சூட்டி வளர்க்கும் கோழியும் பெரும்பாலான சட்டங்களின் பார்வையில் உணவு விலங்குதான்.

முட்டை விஷயத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். ஒரு முட்டை கருக்குழாயில் இறங்கி ஓடு கட்டி வெளிவர ஏறக்குறைய ஒரு நாள்தான் ஆகிறது. ஆனால் அதன் மஞ்சள் கரு அதற்கு முன்பே பத்து நாள் அளவுக்கு வேகமாக வளர்ந்திருக்கும். அந்நாட்களில் கோழியின் இரத்தத்தில் இருந்த, கொழுப்பில் கரையும் மருந்து மஞ்சள் கருவில் படிந்துவிடும் என்பதால், மருந்தை நிறுத்திய மறுநாள் இட்ட முட்டை சுத்தமானது என்று எண்ண இடமில்லை. வேகவைப்பதால் முட்டையில் தங்கிய மருந்து அழிந்துவிடும் என்றும் நம்பக் கூடாது. எத்தனை நாள் முட்டையை உண்ணாமல் விலக்க வேண்டும் என்பது, அதாவது விலக்குக்காலம், மருந்துக்கு மருந்து மட்டுமன்றி, அளவுக்கும் கொடுக்கும் முறைக்கும் ஏற்ப மாறும். ஃபென்பென்டசோல் என்ற குடற்புழு மருந்தைக் குடிநீரில் கலக்கும் வடிவில், கிலோவுக்கு 1 மி.கி. வீதம் 5 நாட்கள் கொடுக்கையில், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் முட்டையை விலக்கத் தேவையில்லை. அதே பெயர் நாய் மருந்தில் இருப்பதைக் கண்டு அந்தச் சலுகையை அதற்கும் பொருத்திக்கொள்வது தவறு.

கால்நடை மருத்துவர் சரி என்றால் கோழியை எடை போடுங்கள். கண் மதிப்பு உதவாது. 2 கிலோ கோழிக்குக் கிலோவுக்கு 10 மி.கி. வீதம் கொடுக்கச் சொன்னால் தேவை 20 மி.கி. 10 சதவீதத் திரவத்தில் 1 மி.லி.க்கு 100 மி.கி. இருப்பதால் 0.2 மி.லி. போதும், 2.5 சதவீதத் திரவமாக இருந்தால் 0.8 மி.லி. வேண்டும். செறிவைப் படிக்காமல் ஊசிக்குழலில் எடுத்தால் நான்கு மடங்கு கூடவோ குறையவோ கொடுத்துவிட நேரும். டெட்ராசைக்ளின் வகை நுண்ணுயிர்க்கொல்லியானால் கிளிஞ்சல் தூளை எப்போது வைப்பது என்றும் கேளுங்கள். கிளிஞ்சலிலுள்ள சுண்ணாம்புச்சத்து அம்மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கும்.

மருத்துவரிடம் செல்லும்போது மருந்தின் உறை, தீவன லேபிள், கோழியின் எடை, அது முட்டையிடுகிறதா என்ற விவரம் ஆகியவற்றைக் கொண்டு செல்லுங்கள். முட்டை, இறைச்சி இரண்டுக்குமான விலக்குக்காலத்தை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பல கோழிகள் ஒரே கூட்டில் முட்டையிடும் இடத்தில் மருந்துண்ட கோழியைத் தனியே அடைத்துவிட வேண்டும். அது இயலாதபோது, விலக்குக்காலம் முடியும்வரை அக்கூட்டின் முட்டைகள் அனைத்தையும் யாருக்கும் கொடுக்காமல் அப்புறப்படுத்த வேண்டும்.