கட்டாரியின் பொன்வேலையை இனங்கண்டு எழுதுவது எப்படி?

பழைய கட்டாரி (குத்துவாள்) ஒன்றைப் பற்றிக் குறிப்பு எழுதுபவர்கள், பிடியில் பொன் தெரிந்தவுடனேயே ‘தங்க முலாம்’ என்றோ ‘தங்கம் பதித்தது’ என்றோ எழுதிவிடுகிறார்கள். இந்திய ஆயுதங்களில் மிகுதியாகக் காணப்படும் கோஃப்த்காரி, அதாவது கீறிய எஃகின்மேல் பொற்கம்பியைத் தட்டிப் பிடிக்க வைக்கும் வேலை, இவ்விரண்டிலும் அடங்காது.

முதலில் வடிவத்தைக் குறியுங்கள். இரு பக்கக் கம்பிகளுக்கு நடுவே குறுக்குப்பிடி அமைந்திருப்பதால், கைமுட்டியை மடக்கிப் பற்றும்போது அலகு முன்கையின் நேர்க்கோட்டில் நீளும். முனை தடித்திருந்தால், அது வளையக் கவசத்தைத் துளைப்பதற்காக என்று கொள்ளலாம். தென்னிந்தியக் கட்டாரிகள் சிலவற்றில் புறங்கையை மூடும் தகடும் ஐரோப்பிய வாளிலிருந்து எடுத்த அலகும் இருக்கும். தஞ்சாவூர் அரண்மனை ஆயுதசாலையிலிருந்து வந்தவற்றைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் காணலாம்.

அடுத்து, பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸை எடுத்துக்கொண்டு, பொன் பளபளக்கும் இடத்தை விட்டுவிட்டுத் தேய்ந்த இடத்தைப் பாருங்கள், ஏனெனில் உண்மை அங்குதான் தெரியும். கோஃப்த்காரியில் கைவினைஞர் எஃகின் மேற்பரப்பை மெல்லிய கத்தியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, அந்தச் சொரசொரப்பின்மேல் பொற்கம்பியை வைத்துத் தட்டி, வழுவழுப்பான கல்லால் தேய்த்துப் பிடிக்க வைப்பார்; பொன் உதிர்ந்த இடத்தில் அந்தக் கீறல்கள் அரத்தால் இழுத்த தடம்போல நெருக்கமாகத் தெரியும். தஹ்நிஷான் எனப்படும் பதிப்பு வேலையிலோ உளியால் பள்ளம் வெட்டிக் கம்பியை உள்ளே இறக்கியிருப்பார்கள். ஆகவே கம்பி உதிர்ந்தால் தெளிவான வாய்க்கால் மிஞ்சும். முலாம் தேய்ந்தால் கீறலோ பள்ளமோ இராது. பொன்னும் வெள்ளியும் கலந்திருந்தால் ‘கங்கா-ஜமுனி’ என்று சேர்த்தெழுதுங்கள்.

அலகில் நீரோட்டம்போல் கோலம் தெரிந்தால் அதற்கு ஜௌஹர் என்று பெயர். மூசையில் (உலோகம் உருக்கும் கலத்தில்) உருக்கிய, கரி மிகுந்த எஃகில் இது இயல்பாகவே தோன்றும். இரும்புப் பட்டைகளை மடித்து ஒட்டவைத்துப் பெறும் கோலம் வேறு. மூசையில் உருக்கிய எஃகுக்கு ஐரோப்பியர் வைத்த ‘ஊட்ஸ்’ என்ற பெயர், நம் ‘உருக்கு’ என்ற சொல்லோடு உறவுடைய கன்னட ‘உக்கு’ என்பதன் திரிபு என்பது பரவலான கருத்து.

கோலம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று பித்தளைப் பாத்திரம் துலக்குவதுபோல் புளியோ எலுமிச்சையோ தேய்க்க வேண்டாம். அந்தப் புளிப்பு எஃகை அரித்துவிடும், பொன்னின் பிடிமானமும் தளர்ந்துவிடும். உலர்ந்த மெல்லிய துணியே போதும்.

கடைசியாக, குறிப்பை இப்படி எழுதலாம்: ‘கட்டாரி, மூசை எஃகு அலகு, ஜௌஹர் தெளிவு, பிடியில் பொன் கோஃப்த்காரி, இடப்பக்கக் கம்பியில் தேய்வு, கீறல்கள் புலப்படுகின்றன.’