ஸ்பெயின் பறவைப் பயணம்: வெயிலின் கணக்குத் தெரியாமல் கிளம்பாதீர்கள்

ஸ்பெயினுக்குப் பறவை பார்க்கத் திட்டமிடுகிறவர்கள் பலர், ஒரே பயணத்தில் நாட்டையே முடித்துவிடப் பார்க்கிறார்கள். பிரனீஸ் மலையில் லாமர்கையர் என்ற பெரிய பிணந்தின்னிக் கழுகு, எப்ரோ டெல்டாவில் நீர்ப்பறவைகள், தோன்யானாவில் பூநாரை, தரீஃபாவில் ஜிப்ரால்டர் ஜலசந்தியைக் கடக்கும் வலசைக் கூட்டம். பத்து நாளில் இத்தனையும் என்றால் நல்ல வெளிச்சமுள்ள நேரமெல்லாம் நெடுஞ்சாலையிலேயே போய்விடும். முதல் பயணம் என்றால் மேற்கே போர்ச்சுகல் எல்லையை ஒட்டிய எக்ஸ்ட்ரெமதூரா ஒன்றே போதும். மத்ரித்திலிருந்து த்ருஹீயோ ஊர் சுமார் 250 கி.மீ.; காரில் இரண்டரை மணி நேரம். அங்கே தங்கிக்கொண்டால் வடக்கே மொன்ஃப்ராகுவே தேசியப் பூங்கா, மேற்கே காசெரெஸ் வரை நீளும் புல்வெளி, இரண்டும் பக்கம். அந்த ஊர்க் காளைச்சண்டை அரங்கின் ஓட்டுக்கூரையிலேயே வசந்தத்தில் லெஸ்ஸர் கெஸ்ட்ரல் என்ற சிறு வல்லூறுகள் கூட்டமாகக் கூடு வைக்கின்றன.

அடுத்த தவறு மாதத்தில். பள்ளி விடுமுறையை வைத்து ஜூலை, ஆகஸ்டில் டிக்கெட் போட்டால் 40 டிகிரியைத் தாண்டும் வெயிலில் காய்ந்த புல்தான் மிஞ்சும். மார்ச் கடைசியிலிருந்து மே நடு வரை வசந்தம். கிரேட் பஸ்டர்ட், அதாவது நம் கானமயிலின் ஐரோப்பிய உறவு, இறகை விரித்து ஆடுவதைப் பார்க்க வேண்டுமானால் மார்ச் கடைசி, ஏப்ரல் முதல் பாதி. பனங்காடையின் உறவான ஐரோப்பிய ரோலரும் பஞ்சுருட்டான்களும் நிறைய வேண்டுமானால் ஏப்ரல் கடைசிக்குத் தள்ளிப்போடலாம். ஆயிரக்கணக்கில் கிரேன் கொக்குகள் வேண்டுமா? அவை நவம்பர் முதல் பிப்ரவரி வரையே இருக்கும். பஞ்சுருட்டான் வருவதற்குள் கிளம்பிவிடும். இரண்டையும் ஒரே பட்டியலில் எழுதிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் ஸ்பெயின்காரர்களே ஊர் ஊராகக் கிளம்புவார்கள். கிராமத்து விடுதிகளில் அறை கிடைக்காது.

தோன்யானாவைச் சேர்த்தே ஆக வேண்டும் என்கிறவர்கள் குளிர்கால மழை எப்படி இருந்தது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அந்தச் சதுப்புநிலம் மழையை நம்பியது. அங்கே நிரந்தரக் குளம் என்று பெயரெடுத்த சான்தா ஓலாய்யாவே 2022, 2023 கோடைகளில் வறண்டுபோனது.

படம் எடுப்பவர்கள் அதிகம் கோட்டை விடுவது கடிகாரத்தில். ஸ்பெயின் புவியியலில் லண்டனுக்கும் மேற்கே நீள்கிறது. கடிகாரமோ மத்திய ஐரோப்பாவுடையது. அதனால் ஏப்ரல் கடைசியில் எக்ஸ்ட்ரெமதூராவில் சூரியன் உதிப்பது காலை ஏழரை மணி வாக்கில். உச்சிவெயில் பிற்பகல் இரண்டு மணி இருபது நிமிடத்துக்கு. மறைவது ஒன்பதுக்குப் பிறகு. நம்மூர் வழக்கப்படி நான்கு மணிக்குக் கேமராவை எடுத்தால் வெளிச்சம் இன்னும் சுள்ளென்றுதான் இருக்கும்; மாலை ஒளி ஏழு மணிக்கு மேல்தான் கனியும். ஆகவே இரண்டு முதல் ஆறு வரை ஊரோடு சேர்ந்து தூங்குவதே சரியான திட்டம். கடைகளும் இரண்டு மணிக்குச் சாத்தினால் ஐந்துக்குத்தான் திறக்கும்.

புல்வெளிக்கு விடியலுக்கு முன்பே போய்விடுங்கள். வெயில் ஏறியதும் தரையிலிருந்து கானல் எழும். கண்ணுக்குப் பறவை தெரியும், படத்தில் அது கரைந்துதான் விழும். 600 மி.மீ. லென்ஸ் இருந்தாலும் தூரத்துப் பறவையோடு கானலையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும். தீர்வு நெருங்குவது, நெருங்க வழி கார். கிரேட் பஸ்டர்ட் நடந்து வரும் ஆளைக் கண்டால் வெகு தூரத்திலேயே ஒதுங்கிவிடும். ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்த காரை அவ்வளவாகப் பொருட்படுத்தாது. எனவே ட்ரைபாடைவிட ஜன்னலில் வைக்கும் பீன்பேக்தான் உதவும். காலிப் பையாகக் கொண்டுபோய் அங்கே அரிசி வாங்கி நிரப்பிக்கொள்ளலாம். சாலையை விட்டு வயலுக்குள் காரை இறக்குவது மட்டும் கூடவே கூடாது. புல்வெளிப் பறவைகள் தரையில் கூடு வைப்பவை. அவற்றில் லிட்டில் பஸ்டர்டின் எண்ணிக்கை ஏற்கெனவே வேகமாகச் சரிந்துவருகிறது.

மொன்ஃப்ராகுவேவுக்கு இந்த அவசரம் தேவையில்லை. பாறுகள், அதாவது பிணந்தின்னிக் கழுகுகள், வெப்பக்காற்று எழும்பிய பிறகே பாறையை விட்டுக் கிளம்பும். புல்வெளியில் காலையை முடித்துவிட்டுப் பத்து மணிவாக்கில் சால்தோ தெல் ஹிதானோ பார்வைமுனைக்குப் போனால் சரியாக இருக்கும். தாஹோ ஆற்றின் எதிர்க்கரைப் பாறையில் கிரிஃபான் பாறுகள் கூட்டம் கூட்டமாக; நடுவே மஞ்சள்முகப் பாறு, கருநாரை. மேலே கோட்டைக்கு ஏறினால் அவை கண்மட்டத்தில் பறக்கும். நம் நீலகிரியின் மோயாற்றுப் பள்ளத்தாக்கில் ஒன்றிரண்டு பாறுக்காகக் காத்திருந்து பழகியவர்களுக்கு இது திகட்டும் காட்சி. நம் பாறுகளை அழித்ததற்காக 2006இல் இந்தியா கால்நடைகளுக்குத் தடைசெய்த டைக்ளோஃபினாக் மருந்தை, ஸ்பெயின் 2013இல் கால்நடைகளுக்கு அனுமதித்தது என்பது அங்கே நிற்கும்போது உறுத்தும்.

பறவை கண்ணில் படாமல் படமெடுக்கக் கட்டணம் கட்டி உட்காரும் மறைவிடங்களைப் பற்றி இரண்டு எச்சரிக்கை. நல்லவை மாதக்கணக்கில் முன்பே நிரம்பிவிடும். ஊருக்குப் போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்பது நடக்காது. பலவற்றில் ஒருவழிக் கண்ணாடி இருக்கும். அது ஒரு ஸ்டாப் அளவுக்கோ (அதாவது பாதி) அதற்கு மேலோ ஒளியைத் தின்றுவிடும், லென்ஸைச் சாய்த்துப் பிடித்தால் கூர்மையும் கெடும். கண்ணாடியா, திறந்த துவாரமா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். கோடையில்தான் போக முடியும் என்கிறவர்களுக்குத் தண்ணீர்த் தொட்டி மறைவிடங்கள் ஒரு விதிவிலக்கு. சுற்றிலும் காய்ந்திருக்கும்போதுதான் அங்கே பறவைகள் நன்றாக வரும்.

கூட்டுக்குப் பக்கத்தில் போவதும், ஒலிப்பதிவு போட்டுப் பறவையை இழுப்பதும் அங்கே மரியாதைக் குறைவு என்பதோடு நிற்காது. பாதுகாக்கப்பட்ட இனங்களைத் தொந்தரவு செய்வது 2007இன் 42ஆம் எண் சட்டப்படி குற்றம். தேசியப் பூங்காவில் ட்ரோன் பறக்கவிடக் கூடாது. புல்வெளியும் ஓக் மரத்தோப்பும் பெரும்பாலும் தனியார் நிலம். ஆனால் கன்யாதா எனப்படும் பழைய மந்தைவழிகள் பொதுச் சொத்து. அவற்றில் தாராளமாக நடக்கலாம். வழியில் கதவு இருந்தால் எப்படி இருந்ததோ அப்படியே விட்டுவிட வேண்டும். 'கனாதோ ப்ராவோ' என்று பலகை இருந்தால் உள்ளே சண்டைக் காளைகள், படத்துக்காகக்கூட இறங்காதீர்கள்.

விசா, 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு, சர்வதேச ஓட்டுநர் அனுமதி ஆகியவை எல்லாருக்கும் தெரிந்தவை. தெரியாதது: வாடகைக் கார்கள் பெரும்பாலும் கியர் வண்டி. ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

சைவர்களுக்குக் கிராமத்தில் கஷ்டம்தான். காய்கறி என்று சொல்லி வாங்கும் தட்டிலும் பன்றி இறைச்சித் துண்டு கிடக்கும். இரவுச் சாப்பாடு ஒன்பது மணிக்கு முன் கிடைக்காது. உருளைக்கிழங்கு முட்டைத் தோசையான தோர்த்தியா எங்கும் உண்டு. முட்டையும் வேண்டாம் என்றால் ரொட்டியும் தோர்த்தா தெல் காசார் சீஸும் வாங்கி காரில் வைத்துக்கொள்ளுங்கள். செம்மறியாட்டுப் பாலை முள்ளிச்செடிப் பூவால் உறையவைத்துச் செய்வது அது, விலங்கு உறைபொருள் கிடையாது. வாசனை மட்டும் கார் முழுக்க இருக்கும்.